ரவுடிகளை அடக்க ராணுவமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ரவுடிகளை ஒடுக்கப் போலீஸ் போதாது, ஆறு மாதம் ராணுவத்தை இறக்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். 'மிலிட்டரி வந்தால்தான் நாடு உருப்படும்' என்பது டீக்கடை பெஞ்சில் நாம் காலங்காலமாகக் கேட்கும் பேச்சுதான். கொலைச் செய்திகளைப் படித்துப் படித்து வெறுத்துப்போன மனம் அப்படிச் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால், அவர் கேட்பதை அமெரிக்க நகரங்கள் 2025-ல் அனுபவித்தே பார்த்துவிட்டன என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஜூன் மாதம், குடியேறிகளைத் தேடிப் பிடிக்கும் சோதனைகளை எதிர்த்து லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் தெருவுக்கு வந்தபோது, கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், அதிபர் டிரம்ப், வழக்கமாக மாநில ஆளுநரின் கீழ் இயங்கும் தேசியக் காவல் படையினர் சுமார் 4,000 பேரையும், ராணுவத்தின் ஒரு பிரிவான மரைன் படையின் வீரர்கள் 700 பேரையும் அங்கே அனுப்பினார். (அங்கே ஆளுநர் என்பவர் நம் முதல்வரைப் போல மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் என்பதை நம்மூர் வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.) மாநில ஆளுநர் கேட்காமலேயே அவருடைய படையை அதிபர் களத்தில் இறக்கியது 1965-க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஆகஸ்டில், குற்றங்களை ஒடுக்கவென்று வாஷிங்டன் நகருக்கும் படை வந்தது. ஆனால், 2024-லேயே அங்கு வன்முறைக் குற்றங்கள் முப்பது ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்திருந்தன. வந்த வீரர்களில் பலர் கடைசியில் பூங்காக்களில் குப்பை பொறுக்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நவம்பரில் அதே நகரில் இரண்டு வீரர்கள் சுடப்பட்டு, இருபதே வயதான பெண் ஒருவர் உயிரிழந்தபோது, பெற்றவர்களை நினைத்து அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

மக்கள் இதற்கு எப்படிப் பதில் சொன்னார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. வாஷிங்டன் குடியிருப்புகளில் இரவு எட்டு மணிக்கு வாசலில் நின்று பாத்திரங்களைத் தட்டினார்கள். படையை அனுப்ப டிரம்ப் உத்தரவிட்ட இன்னொரு நகரமான போர்ட்லாந்தில் காற்றடைத்த தவளை வேடம் போட்டுக்கொண்டு போராடினார்கள். சிகாகோவில், குடியேற்றத் துறையினரின் வண்டி தெருவுக்குள் நுழைந்தால் விசில் ஊதி அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்தினார்கள். அங்கே வசிக்கும் என் மகளின் வீட்டில், கார் சாவி மாட்டும் ஆணியிலேயே ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் விசில் ஒன்று தொங்குவதை வீடியோ காலில் பார்த்தேன். ஒருநாள் பேரன் அதை விளையாட்டாக ஊதிவிட, எதிர்வீட்டு மூதாட்டி குளிரில் ஸ்வெட்டர்கூடப் போடாமல் ஓடிவந்து, 'எல்லோரும் நலம்தானே?' என்று கேட்டாராம். அதற்கு முன் அந்த அம்மாளும் என் மகளும் பெயர் சொல்லிப் பேசிக்கொண்டதே இல்லை.

நீதிமன்றங்களும் சும்மா இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நடவடிக்கை, ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தத் தடை விதிக்கும் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியது என்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் செப்டம்பரில் தீர்ப்பளித்தார். சிகாகோவில் படையை இறக்க உச்ச நீதிமன்றமே டிசம்பரில் அனுமதி மறுத்தது.

நமக்கு ராணுவம் அந்நியமல்ல. 2015 டிசம்பரில் அடையாறு கரையை உடைத்துக்கொண்டு கோட்டூர்புரத்துக்குள் புகுந்தபோது, நடக்க முடியாத என் தாயாரை மாடிப்படியிலிருந்து முதுகில் சுமந்து படகில் ஏற்றியவர் ராணுவ வீரர் ஒருவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. படகு திரும்பும்வரை அம்மா அவருடைய மணிக்கட்டை விடவே இல்லை. எதிர்மாடியிலிருந்து யாரோ பிஸ்கட் பாக்கெட் ஒன்றை அவரிடம் வீசினார்கள். அவர் அதைப் பிரித்து, படகில் இருந்த குழந்தையிடம் கொடுத்துவிட்டார். நாங்கள் கூப்பிட்டோம், அவர்கள் வந்தார்கள், தண்ணீர் வடிந்ததும் போய்விட்டார்கள்.

ரவுடி விவகாரம் அப்படிப்பட்டதல்ல. நம் சட்டத்திலும், சட்டவிரோதக் கூட்டத்தை வேறு எந்த வழியிலும் கலைக்க முடியாத நிலையில்தான் நிர்வாக நடுவர் ராணுவ உதவியை நாடலாம். அப்போதும் மிகக் குறைந்த பலத்தையே பிரயோகிக்க வேண்டும் என்கிறது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149-ஆம் பிரிவு. தெருமுனையில் மாதக்கணக்கில் காவல் நிற்க அது இடம் தரவில்லை. யார் கூலிக்கு வெட்டுகிறவன், யார் நைட் ஷிப்ட் முடித்து இரண்டு மணிக்கு வீடு திரும்பும் பையன் என்பது அந்தப் பகுதி ஏட்டையாவுக்குத் தெரியும். நேற்று வேறு மாநிலத்திலிருந்து வந்து இறங்கிய வீரருக்கு எப்படித் தெரியும்? சந்தேகத்தின் பேரில் முதலில் நிறுத்தப்படுபவர்கள், வியாசர்பாடியிலும் கண்ணகி நகரிலும் இப்போதே அடிக்கடி நிறுத்தப்படும் அதே பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். அந்த வாசகர் தம் பகுதிக்கு இரவு ரோந்தையும் காவலர் எண்ணிக்கையையும் கூட்டச் சொல்லி மனு எழுதுவாரானால், அதில் கையெழுத்திட நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
கோட்டூர்புரம், சென்னை - 85.