எலிசபெத்துக்கு ஏன் வேலை இல்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் தொடர்ச்சியாக, ஒரு கொலை மர்மக் கதையாகப் பி.டி. ஜேம்ஸ் எழுதிய 'டெத் கம்ஸ் டு பெம்பர்லி' நாவலுக்குச் சென்ற இதழில் வந்த மதிப்புரையைப் படித்தேன். ஜேன் ஆஸ்டினின் நடை அப்படியே வந்திருக்கிறது என்று பாராட்டியிருந்தீர்கள். நடை சரி, கதாநாயகி எலிசபெத் எங்கே?

தொடக்கம் அருமை, மறுக்கவில்லை. எலிசபெத்தும் கணவர் டார்சியும் வாழும் பெம்பர்லி மாளிகையில் விருந்துக்கு முந்தின இரவு. காற்றடிக்கிறது. தன் கணவன் விக்கமைக் கொன்றுவிட்டார்கள் என்று அலறிக்கொண்டு எலிசபெத்தின் தங்கை லிடியா வண்டியிலிருந்து இறங்குகிறாள். காட்டில் போய்ப் பார்த்தால் செத்துக் கிடப்பவன் அவன் நண்பன் டென்னி. விக்கமோ உயிரோடு, என் ஒரே நண்பனை நானே கொன்றுவிட்டேன் என்று புலம்புகிறான்.

விசாரணைப் பகுதிகளும் பிடித்திருந்தன. ஜேம்ஸ் பிரிட்டிஷ் உள்துறையில் குற்றவியல் பிரிவில் வேலை பார்த்தவர் அல்லவா, அந்தப் பிடிமானம் தெரிகிறது. டார்சியே மாஜிஸ்திரேட்தான், ஆனால் தன் வீட்டு விவகாரம் என்பதால் ஒதுங்கிக்கொள்கிறார். கதை நடப்பது 1803இல். குற்ற வழக்குகளுக்கென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இங்கிலாந்தில் வந்ததே 1907இல்தான். ஜூரி குற்றவாளி என்று சொல்லிவிட்டால் தூக்குக் கயிறுதான் என்கிற பயம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது.

ஆனால் துப்பறியும் கதை 1813இல் வந்த மூல நாவலிலேயே இருக்கிறதே! விக்கமின் உண்மை முகத்தைச் சொல்லும் டார்சியின் கடிதம் கைக்கு வந்ததும் எலிசபெத் என்ன செய்கிறாள்? முன்பின் தெரியாத தன்னிடம் பழகத் தொடங்கிய உடனேயே விக்கம் ஏன் சொந்தக் கதையைக் கொட்டினான்? டார்சியைக் கண்டு ஒளியமாட்டேன் என்றவன் நெதர்ஃபீல்டு நடன விருந்துக்கு ஏன் வரவில்லை? ஒவ்வொன்றாகத் திரும்ப யோசித்து, தான் ஏமாந்ததைத் தானே கண்டுபிடிக்கிறாள். பள்ளியில் இந்த அத்தியாயத்தை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் சத்தமே இருக்காது. இதெல்லாம் ஜேம்ஸுக்குத் தெரியாததும் இல்லை. ஆஸ்டினின் இன்னொரு நாவலான 'எம்மா'வைத் துப்பறியும் கதையாகவே வைத்து உரை நிகழ்த்தியவர் அவர்.

அப்படிப்பட்ட பெண்ணை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு, ஆண்களைக் காட்டுக்கும் கோர்ட்டுக்கும் அனுப்பினால் எப்படி? கடைசியில் முடிச்சையும் யாரும் அவிழ்ப்பதில்லை. ஒரு வாக்குமூலம் வந்து விழுகிறது. யாருடையது என்று சொல்லமாட்டேன், உங்கள் மதிப்புரையைப் பார்த்து இனிமேல் வாங்கப் போகிறவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
திருநெல்வேலி