கமகத்துக்கு இடம் விடுங்கள்

ஐயா,

கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும் இணைக்கும் கலப்பிசை குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, முத்துசுவாமி தீட்சிதரின் (1775–1835) நோட்டுஸ்வரங்களைக் குறிப்பிடாதது பெருங்குறை. மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். 'ஸந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் நாட்டுப்பண்ணின் மெட்டு. இந்த நோட்டுஸ்வரங்களில் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள் கமகமின்றி, அதாவது அசைவின்றி, நேராக நிற்பதால் அவற்றுக்குக் கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) இயல்பாகப் பொருந்துகின்றன.

தோடி ராகத்தில் அப்படி நடக்காது. அதன் 'சாதாரண காந்தாரம்' என்னும் 'க' ஸ்வரம் அசைந்துகொண்டே இருப்பது. கீபோர்டு அதே காந்தாரத்தை அழுத்திப் பிடித்தால், பாடகர் சுருதி விலகியதுபோல் கேட்கும். ஒத்திகைகளில் கண்டவரை, கார்டிலிருந்து காந்தாரத்தை நீக்கி ஸட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) மட்டும் ஒலித்தால் உரசல் அடங்குகிறது. கலப்பிசைக்கு மேடை தரும் சபாக்கள், பாடகரும் கீபோர்டு கலைஞரும் ராகம்தோறும் இதைப் பேசி முடிவுசெய்ய ஒரு முழு ஒத்திகைக்காவது ஏற்பாடு செய்ய வேண்டும்.

– வாசகர், திருவாரூர்