ஜஸ்டிஃபைடு இரண்டாம் சீசனிலிருந்து தொடங்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. யாரும் அதிகம் பேசாத நல்ல நடிகை ஒருவரைச் சொல் என்று கேட்டிருந்தாய். மார்கோ மார்ட்டின்டேல். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். 'மில்லியன் டாலர் பேபி'யில் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கும் மகளிடம் கையெழுத்து வாங்க, பேனாவை அவள் வாயில் வைப்பாளே ஒரு தாய், அவர்தான்.

1951-இல் டெக்சஸில் பிறந்தவர். 1987-இல் 'ஸ்டீல் மேக்னோலியாஸ்' நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியபோது, பார்லர் நடத்தும் ட்ரூவியாக முதன்முதலில் நடித்தது அவர்தான். 1989-இல் அது படமானபோது வேடம் டாலி பார்ட்டனுக்குப் போய்விட்டது. அப்புறம் பல வருஷம் சின்னச் சின்ன வேடங்கள்தான்.

2011-இல் வந்த 'ஜஸ்டிஃபைடு' தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் சீசனைத்தான் நீ முதலில் பார்க்க வேண்டும். கென்டக்கியின் ஹார்லன் மலைப்பகுதியில் பலசரக்குக் கடையும் கஞ்சா வியாபாரமும் நடத்தும் மேக்ஸ் பென்னட் என்ற தாய்தான் அதில் அவர் வேடம். முதல் எபிசோடிலேயே, தன்னிடம் வராமல் போலீசுக்குத் தகவல் சொன்ன வால்ட்டுக்குத் தன் கையால் காய்ச்சிய சாராயத்தை ஊற்றிக் கொடுப்பாள். அவளும் குடிப்பாள். விஷம் ஜாடியில் இல்லை, அவன் தம்ளரில் முன்பே இருந்தது. அவன் துடிக்கத் தொடங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டு, மகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஆறுதல் சொல்வாள். அந்த ஆறுதலில் துளியும் பொய் இல்லை. இந்த மாதிரிக் காட்சியில் பலர் சறுக்குவது ஊற்றும்போதுதான். கண்ணைக் கொஞ்சம் சுருக்கி, குரலைத் தாழ்த்தி, ஆபத்து வருகிறது என்று நமக்குச் சொல்லிவிடுவார்கள். மார்ட்டின்டேல் எதையும் முன்கூட்டிக் காட்டுவதில்லை. ஐந்தாம் எபிசோடில் மகன் கூவரின் விரல்களைச் சுத்தியலால் நசுக்கிவிட்டு அவனையே அணைத்துக்கொள்ளும்போதும் அப்படித்தான்: அடிப்பதும் அணைப்பதும் ஒரே தாய்.

அந்த வேடத்துக்கு எம்மி, அதாவது அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருது, கிடைத்தபோது அவருக்கு வயது 60. பிறகு 'தி அமெரிக்கன்ஸ்' தொடரில் சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் ஒற்றர்களை இயக்கும் மேலாளர் கிளாடியா. 2015, 2016 இரண்டு வருஷமும் எம்மி. ஆனால் இரண்டுமே விருந்தினர் நடிகை பிரிவில். அத்தனை சீசன் அந்தத் தொடரைத் தாங்கியவரை விருந்தினர் என்று எழுதுவது எனக்கு இன்னும் ஆறவில்லை. வயதான, பருத்த உடம்புள்ள பெண்ணை நடுவில் வைத்து அமெரிக்காவில் கதை எழுதுவதே அபூர்வம். 2024-இல் மேப்பிள் பாகு கொள்ளையை வைத்து வந்த 'தி ஸ்டிக்கி' தொடரில் கதையே அவரைச் சுற்றித்தான் நடக்கிறது. அதற்குள் வயது 73.

நேரமே இல்லை என்றால் 2006-இல் வந்த 'பாரிஸ், ஐ லவ் யூ' படத்தில் கடைசிக் குறும்படத்தை மட்டும் போட்டுப் பார். அலெக்சாண்டர் பெய்ன் இயக்கியது, ஆறேழு நிமிஷம்தான். டென்வரில் தபால் பட்டுவாடா செய்யும் ஒரு பெண் தனியாகப் பாரிஸ் வந்து, தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் தன் பயணத்தைச் சொல்கிறாள். பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த போவாரின் கல்லறைக்கு முன்னால் நின்று, தென் அமெரிக்க விடுதலை வீரர் சிமோன் பொலிவாரின் பெயரைச் சொல்கிறாள். சிரிப்போம். பிறகு பூங்கா பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுவாள். அவள் முகத்தில் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்தே வருவதைக் கவனி.

ஒன்று மட்டும் மறக்காதே. டப்பிங்கில் பார்த்துவிடாதே. அந்தப் பிரெஞ்சு உச்சரிப்பும் மேக்ஸின் மலைநாட்டுப் பேச்சும் போய்விட்டால் பாதி நடிப்பு போய்விடும். சப்டைட்டில் போட்டுக்கொள். மேக்ஸை முடித்ததும் எழுது, கிளாடியாவை எந்த சீசனிலிருந்து பிடிப்பது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி