டேய், டீ, டாஸ்

அன்புள்ள மாலா,

ஏழு மாசமா ஒரு வரிகூட எழுதலை. திட்டு, வாங்கிக்கறேன். அண்ணன் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சதுன்னு அம்மா சொன்னாங்க, சந்தோஷம். இங்கே முதுகுவலி தவிர எல்லாம் சுகம்.

பெரியவங்களுக்கு ஜெர்மன் எப்படிச் சொல்லிக்கொடுக்கறதுன்னு ஆராய்ச்சி பண்றேன்டி, அதான் ஆளைக் காணோம். சிரிக்காதே. சந்தி பிரிக்கத் தெரியாம பெஞ்சு மேல நின்னவதான், ஒத்துக்கறேன்.

ஜெர்மனிக்குக் குடிவந்தவங்களுக்கு 2005லேருந்து ஒருங்கிணைப்பு வகுப்பு நடக்குது. பொதுவான வகுப்புன்னா மொழிக்கு மட்டும் 600 பாடவேளை, ஒவ்வொண்ணும் 45 நிமிஷம். அதுக்குள்ள பி1 நிலையை, அதாவது அன்றாட விஷயங்களைத் தானாப் பேசி சமாளிக்கற நடுநிலையைத் தொடணும். நான் பாடம் எடுக்கறது அப்படி ஒண்ணுல. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், ரெண்டுமில்லாத பால்னு ஒண்ணு உண்டு, அதைக் காட்ட முன்னால முறையே டேர், டீ, டாஸ் போடணும். எனக்குன்னு ஒரு சூத்திரம் வச்சிருந்தேன்: ஆம்பளைன்னா ‘டேய்’, அதனால டேர், பொம்பளைன்னா நாம கூப்பிடற ‘டீ’யேதான். ரெண்டே நாள்ல கவுந்துது. மேட்ஷென்னா பொண்ணு, ஆனா அவ டீ இல்லை, டாஸ்! ‘ஷென்’ங்கற குறுமை விகுதி ஒட்டினா எல்லாமே டாஸ்தானாம். ‘உங்’ விகுதி வந்தா டீ. இப்போ வகுப்புல பட்டியல் ஒப்பிக்க விடறதில்லை, வாலைப் பாருங்கன்னு சொல்றேன். நல்லாவே பிடிச்சுக்கறாங்க.

என் கவலை வேற. ‘இன்னிக்கு நான் போறேன்’னு சொல்ல ஜெர்மன்ல ‘ஹாய்ட்டெ கேஹெ இஷ்’, அதாவது ‘இன்னிக்கு போறேன் நான்’. முன்னால எது வந்தாலும் வினைச்சொல் ரெண்டாவது இடத்தை விடாது. என் வகுப்புல ஒரு அம்மா, வாய் ஓயாமப் பேசுவாங்க, ஆனா எப்பவும் ‘ஹாய்ட்டெ இஷ் கேஹெ’தான். நான் ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் திருத்தினேன். நோட்டு பூரா சிவப்பு மை. மூணாவது வாரத்துலேருந்து அவங்க ‘யா’ (ஆமா), ‘நைன்’ (இல்லை) தவிர எதுவும் பேசறதில்லை.

அந்தச் சமயத்துலதான் பீனெமன்ங்கற மொழியியலாளர் 1984ல எழுதினதைப் படிச்சேன். ஜெர்மன் கத்துக்கற இத்தாலியப் பிள்ளைகளுக்கு இதே சொல்வரிசையைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கார். அதுக்கு முந்தின படியில நின்ன பிள்ளைக்குச் சட்டுன்னு வந்துது. இன்னும் கீழ்ப்படியில இருந்த பிள்ளைக்கு எவ்வளவு சொல்லியும் ஏறலை. இந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க முடியாதுங்கறார். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது மாலா. தயாராகாத ஒருத்தரை நான் தினமும் தப்பு தப்புன்னு குட்டியிருக்கேன்.

இப்போ பேசும்போது குறுக்கிடறதில்லை. போன வாரம் அவங்க பஸ்ஸைத் தவறவிட்ட கதையைச் சொன்னாங்க, பத்து நிமிஷம், நாலு ‘ஹாய்ட்டெ இஷ்’. பேனாவை மேஜைக்கடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். ஆனா திருத்தாம விட்டா தப்பே தழும்பாயிடும்னு சொல்றவங்களும் உண்டு. அதுவும் பொய்யில்லை. நாலுல ஒண்ணையாவது திருத்தியிருக்கணுமோ?

இருபது வருஷமா எட்டாம் வகுப்பை மேய்க்கறவ நீ. நீயா இருந்தா என்ன பண்ணுவே? சீக்கிரம் எழுது. என்னை மாதிரி ஏழு மாசம் ஆக்காதே.

உன்
கௌரி