கலை வரலாற்று முதுகலை: ஆய்வாண்டு கோயில் சுவரிலிருந்து தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பல்கலைக்கழக மானியக் குழு 2022-ம் ஆண்டு விதிமுறைகளோடு எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திவிட்டது. முனைவர் பட்டத்துக்கு முன் ஒரு மாணவர் ஆய்வு செய்யப் பழகிக்கொள்ள இருந்த படிநிலை அதோடு போயிற்று. இனி அந்தப் பழக்கம் முதுகலையிலேயே கிடைத்தாக வேண்டும். அதே குழு 2024-ல் வெளியிட்ட முதுகலைக் கட்டமைப்பு, இரண்டாம் ஆண்டு முழுவதையும் ஆய்வுக்கே ஒதுக்க இடம் தருகிறது. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி, திருவாரூர் வட்டாரத்தில் வரலாறும் கவின்கலையும் நடத்தும் கல்லூரிகள் இந்த வாய்ப்பைக் கலை வரலாற்றுக்குப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். கடைசி இரண்டு மாதத்தில் ஒப்பேற்றிக் கொடுக்கும் 'ப்ராஜெக்ட்' ஆக அது சுருங்கிவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

முதல் கோளாறு தலைப்பிலேயே வருகிறது. 'சோழர் கலை – ஓர் ஆய்வு' என்று பதிவு செய்யும் மாணவர், விஜயாலயன் தொடங்கி அரச வரிசையை ஓர் இயலில் எழுதுவார். அச்சில் வந்த நூல்களை அடுத்த இயலில் சுருக்குவார். கோயிலுக்குப் போகும்போது ஆண்டு முடிந்திருக்கும். ஓராண்டுக்கு ஒரு கோயிலோ, மூன்று நான்கு கோயில்களில் ஒரே ஓர் உறுப்போ போதும். புள்ளமங்கைக் கோயில் தாங்குதளத்தில் (சுவரைத் தாங்கும் அடித்தளம்) உள்ள கையகல இராமாயணச் சிற்பங்கள். சோழ அரசி செம்பியன் மாதேவி எடுத்த கோயில்களில், கருவறைக்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்தின் கோட்டங்களில் (சுவர் மாடங்களில்) ஆடவல்லான் (நடராசர்) இடம்பிடித்த விதம். திருவாரூர் தேவாசிரிய மண்டப விதானத்தில் முசுகுந்தன் கதை ஓவியங்களுக்குக் கீழே எழுதியிருக்கும் தமிழ் வரிகள். இவற்றில் எதை எடுத்தாலும் கைக்கு அடங்கும்.

அடுத்தது காலக்கணிப்பு. டெல்டாவில் பாறை கிடையாது. வண்டல் மண்ணில் செங்கல்லால் எழுந்த கோயில்கள் பல, வெளியிலிருந்து கல் கொண்டுவந்து பின்னாளில் கற்றளியாக (கற்கோயிலாக) மாற்றப்பட்டவை. ஆகவே சுவரில் உள்ள மிகப் பழைய அரசன் பெயரைப் பார்த்ததும் சுவரும் அவன் காலத்தது என்று எழுதிவிட முடியாது. திருக்கோடிக்காவல் இதற்கு நல்ல பாடம். செம்பியன் மாதேவி அங்கே கற்றளி எடுத்தபோது, பழைய கற்களில் இருந்த பல்லவர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டச் செய்தார். பழங்கல்லைப் பார்த்து எழுதிய நகல் என்ற குறிப்பும் கல்லிலேயே இருக்கிறது. அந்தக் குறிப்பைக் கவனிக்காதவர் பத்தாம் நூற்றாண்டுச் சுவரை ஒன்பதாம் நூற்றாண்டுக்குத் தள்ளிவிடுவார். எழுத்தமைதி, அதாவது எழுத்தின் வடிவம், அதைக் காட்டிக்கொடுக்கும். அதற்கு எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதலாண்டிலேயே கல்வெட்டுத் தமிழ் கட்டாயம். கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடாது, நெடிலுக்குரிய காலும் ரகரமும் ஒன்றுபோலவே தெரியும். வடசொற்களுக்குக் கிரந்தம் கலந்து வரும். அரசர் பட்டங்களும் இடறும். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்றால் முதலாம் பராந்தகன் என்று சொல்லலாம். வெறும் 'கோப்பரகேசரி' என்றால் விஜயாலயனும் ஆகலாம், உத்தம சோழனும் ஆகலாம். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் இருப்பது சுருக்கமே. அதை மட்டும் வைத்து எழுதாமல் அச்சான முழுப் பாடத்தைத் தேடி, அதைக் கல்லோடு ஒப்பிட வேண்டும்.

கல்வெட்டு கைவிடும் இடத்தில் கட்டட உறுப்புகள் பேசும். அடியில் உள்ள உபானம் முதல் மேலே உள்ள வியாழவரி (யாளி வரிசை) வரை தாங்குதளத்தின் ஒவ்வொரு உறுப்பையும் அளந்து குறிக்க வேண்டும். தாங்குதளத்தில் புடைத்து நிற்கும் குமுதம் வட்டமா எண்பட்டையா, தூணின் உச்சியில் விட்டத்தைத் தாங்கும் போதிகை சோழர் கால வெட்டுப்போதிகையா, விஜயநகர, நாயக்கர் காலப் பூமொட்டு தொங்கும் போதிகையா என்று பார்த்தாலே சுவர் எது, பின்னால் சேர்த்த மண்டபம் எது என்று பிரிந்துவிடும். கோட்டத்துச் சிற்பம் அந்தக் கோட்டத்துக்கே உரியதா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சிற்பத்தின் இருபுறமும் சிமெண்ட் பூச்சு, கல்லின் நிறம் வேறு, பீடம் கோட்டத்தின் அகலத்துக்குப் பொருந்தவில்லை என்றால் அது மாற்றி வைத்ததாக இருக்கலாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படச் சேகரிப்பில் அதே கோயிலின் பழைய படம் இருந்தால் கட்டாயம் ஒப்பிட வேண்டும். திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராசர் 2014-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதில் அந்தச் சேகரிப்பின் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

களப்பணிக்கு நாட்காட்டி முக்கியம். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்குப் பதினொரு பாகை வடக்கே இருப்பதால், ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். பிரமனும் துர்க்கையும் இருக்கும் வடக்குச் சுவரில் நேர் வெயில் நன்றாக விழும் காலம் அதுதான். உச்சிவேளைக்குச் சற்று முன் வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கும்போது தேய்ந்த எழுத்தும் நிழல் கட்டித் தெளியும். பல கோயில்களில் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். பதினொன்றுக்கே ஆயத்தமாக இருக்க வேண்டும். தெற்குச் சுவருக்கு மார்கழி, தை வெயில் பொருத்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் களத்தை விட்டுவிட்டு நூலகத்தில் உட்காரலாம். எல்லாப் படத்திலும் பத்து சென்டிமீட்டர் அளவுகோல் இருக்கட்டும். எந்தச் சுவர், எத்தனையாவது கோட்டம், எந்தத் தேதி என்று அன்றிரவே எழுதி வைக்காத படம் ஆறு மாதம் கழித்து எதற்கும் உதவாது. கல்லில் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தடவவே கூடாது.

செப்புத்திருமேனி ஆய்வு இதைவிடக் கடினம். பெரும்பாலானவற்றில் எழுத்தே இருக்காது. சிவனின் வடிவமான திருவெண்காட்டு இடபவாகன தேவரைக் கல்வெட்டின் துணையால் 1011 என்று குறிக்க முடிவதால்தான், தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள அந்தத் திருமேனி மற்றவற்றை ஒப்பிட உரைகல்லாக இருக்கிறது. தலைக்குப் பின்னுள்ள சிரச்சக்கரமும் பின்புறச் சடையும் காலத்தைச் சொல்லும் இடங்கள். வழிபாட்டில் உள்ள திருமேனியில் அவை அலங்காரத்துக்குள் மறைந்திருக்கும். அபிஷேக வேளையில் குருக்களின் இசைவோடு நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். சிறு கோயில்களின் திருமேனிகள் பல, திருவாரூர் போன்ற இடங்களில் உள்ள பாதுகாப்பு மையங்களில் இருக்கின்றன. ஊர், கோயில், பதிவேட்டு எண் மூன்றையும் சரிபார்க்காமல் அங்கே உள்ளதை வைத்து வட்டாரப் பாணி என்று எழுதுவது ஆபத்து. இத்தலைப்பை எடுப்பவர்கள் சுவாமிமலைப் பட்டறையில் மெழுகு உருவம் முதல் வண்டல் மண் கவசம், வார்ப்பு, உளி வேலை வரை ஒரு திருமேனி உருவாவதை முழுதாகப் பார்த்தே ஆக வேண்டும். எது வார்ப்பில் வந்தது, எது பின்னால் செதுக்கியது என்று தெரியாமல் பாணி பற்றி எழுத முடியாது.

அனுமதியில்தான் மாணவர்களின் காலம் கரைகிறது. கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. வழிபடுவோரின் அமைதி முக்கியம். ஆனால் ஒவ்வொரு கோயிலுக்கும் தனித்தனியே மனு எழுதி ஒரு பருவம் கழிந்துவிட்டால் வடக்குச் சுவரின் வெயிலும் போய்விடும். துறைத்தலைவரின் கடிதம், தலைப்பு, கோயில் பட்டியல், தேதிகள், கருவறையைப் படமெடுக்க மாட்டோம் என்ற உறுதிமொழி இவற்றோடு மே மாதத்திலேயே விண்ணப்பித்தால், மண்டல இணை ஆணையர் அலுவலகம் எல்லாக் கோயில்களுக்கும் சேர்த்து ஒரே அனுமதிக் கடிதம் தர அறநிலையத்துறை வழிசெய்ய வேண்டும். திருப்பணி நடக்கவிருக்கும் கோயில்களின் பட்டியலும் கல்லூரிகளுக்குக் கிடைக்க வேண்டும். மணல் பீய்ச்சிக் கல்லைச் சுரண்டினாலோ, சுதைச் சிற்பத்துக்குப் புதிதாக எனாமல் பூசினாலோ, அதற்கு முந்தைய நிலையின் பதிவு மாணவர் எடுத்து வைத்ததாக மட்டுமே இருக்கக்கூடும்.

இன்னொன்று. முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'சோத்கங்கா' இணையதளத்தில் கிடைக்கின்றன. பழைய எம்.ஃபில்., முதுகலை ஆய்வேடுகள் துறை அலமாரிகளில் கிடக்கின்றன. அதனால் ஒரே கோயிலை மறுபடி மறுபடி முதலிலிருந்தே அளக்கிறோம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சிற்பத்துறையும் கல்வெட்டியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. டெல்டாக் கோயில்கள் பற்றிய இந்த ஆய்வேடுகளை, அளவுப் படங்களும் புகைப்படங்களும் சேர்த்து, அங்கே ஸ்கேன் செய்து ஊர்வாரியாக வைக்கும் பணியை அப்பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முதல் தவணையாகக் கும்பகோணம் வட்டத்தை மட்டும் எடுத்தால்கூட அடுத்த ஜூனில் சேரும் மாணவர்களுக்குத் தலைப்புத் தேர்வு எளிதாகும்.

இப்படிக்கு,
கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
கும்பகோணம்.