பகாவ் நிலையத்துக்குக் கையால் போடும் பாதை

பகாவ், நெகிரி செம்பிலான், மலேசியா.

அன்பு மகன் தமிழ்ச்செல்வனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். பிரிஸ்பனில் நீயும் மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என் பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி நிறைய மாதிரி ரயில் தண்டவாளம் அனுப்புவதாகவும், இந்த வயதில் கண்ணை வருத்திக்கொண்டு ஒவ்வொரு கட்டையாகப் பற்றவைக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தாய். உன் அக்கறை எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. ஆயினும் அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கான காரணத்தை நீ சரியாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊர் நிலையத்தை 87இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்கிறேன். இந்த அளவுக்கென்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பாதையின் அகலம், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம், 16.5 மில்லிமீட்டர். அதை 87ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலாக உள்ள ‘ஸ்டாண்டர்ட் கேஜ்’ பாதையின் அகலம். நம் நாட்டில் கெமாஸிலிருந்து பகாவ் வழியாகத் தும்பாட் வரை செல்லும் பாதையோ ஒரு மீட்டர் அகலமே உடையது. ஆகவே நம் எஞ்சினை அந்தத் தண்டவாளத்தின்மேல் நிறுத்தினால், எஞ்சினை எவ்வளவு நுட்பமாகச் செய்திருந்தாலும், பார்த்தவுடனே அது நம் ரயில் இல்லை என்று தெரிந்துவிடும். ஒரு மீட்டரை 87ஆல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர்தான். சக்கரங்கள் 12 மில்லிமீட்டர் அகலத்துக்கே விற்பனையாகின்றன என்பதால் அந்த அரை மில்லிமீட்டர் வேறுபாட்டை ஏற்றுக்கொண்டேன்.

பன்னிரண்டு மில்லிமீட்டரிலும் ஆயத்தத் தண்டவாளம் உண்டே என்று நீ கேட்கலாம். உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களுக்காகச் செய்யப்பட்டவை. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் சிலிப்பர் கட்டைகளின் நீளமும் இடைவெளியும் அந்நாட்டுக்கு உரியவை. நம் பாதையில் கிடந்த கட்டைகள் வைரம் பாய்ந்த காட்டு மரத்தில் அறுத்தவை, ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். என் அளவில் அது 23 மில்லிமீட்டர் ஆகிறது. தண்டவாளத்தின் உயரத்திலும் இதே சிக்கல்தான். கடையில் எளிதாகக் கிடைக்கும் ‘கோட் 100’ தண்டவாளம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நூறு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர் உயரம். பெருக்கிப் பார்த்தால் 221 மில்லிமீட்டர். உலகின் மிகக் கனத்த தண்டவாளம்கூட அவ்வளவு உயரம் இல்லை. நான் மாதிரியாக எடுத்துக்கொண்ட, கெஜத்துக்கு 80 ராத்தல் எடையுள்ள தண்டவாளத்தின் உயரம் 133 மில்லிமீட்டர். அதற்குக் ‘கோட் 55’ கிட்டத்தட்டப் பொருந்துகிறது.

செய்முறை கடினமன்று. செப்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டைச் சிலிப்பர் கட்டைகளுக்காக மெல்லிய துண்டுகளாக அறுத்து, காகிதத்தில் வரைந்த வரைபடத்தின்மேல் ஏழெட்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக ஒட்டி, அவற்றின்மேல் தண்டவாளத்தை வைத்து ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். இரு தண்டவாளங்களுக்கும் இடையே மின்சாரம் பாய்ந்துவிடாதபடி ஒவ்வொரு துண்டின் செப்பையும் நடுவில் அரத்தால் கீறிப் பிரிக்க வேண்டும். ஈயம் நன்றாகப் பற்றுவதற்காகப் பூசிய ஃபிளக்ஸை அன்றன்றே கழுவித் துடைத்துவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அது செப்பைப் பச்சை பிடிக்க வைத்துவிடும்.

என் மனத்தை முழுவதும் ஈர்த்துக்கொண்டது பாயிண்ட் என்று நாம் சொல்லும் தடம் மாற்றும் இடம்தான். ஒரு பாதை இரண்டாகப் பிரியும்போது ஒரு தண்டவாளம் மற்றொன்றைக் குறுக்கே கடந்தாக வேண்டும். கடக்கும் அந்த இடத்தில், இரு தண்டவாளங்களை அரத்தால் கூராக்கிச் சேர்த்த ‘வி’ வடிவ மூக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் சக்கரத்தின் விளிம்பு செல்ல ஓர் இடைவெளி விட்டாக வேண்டும். அந்த இடைவெளியில் சக்கரத்துக்குப் பக்கவழி காட்ட எதுவும் இல்லை. அங்கே சக்கரம் தவறான பக்கம் நுழைந்துவிடாமல் காப்பது எதிர்ப்புறத்துத் தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கும் ‘செக் ரயில்’ என்னும் சிறிய துணைத் தண்டவாளம். அது எதிர்ச்சக்கரத்தின் விளிம்பைப் பின்பக்கமாகப் பிடித்து இழுக்கிறது. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் மூக்கின் பக்கத்துச் சக்கரமும் தன் வழியிலேயே செல்கிறது. ஆகவே செக் ரயிலுக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட தூரம் பாதையின் அகலத்தைவிட முக்கியமானது. பாதை இம்மியளவு அகன்றிருந்தால் வண்டி ஓடிவிடும். இந்தத் தூரம் இம்மியளவு குறைந்தால் சக்கரம் மூக்கில் மோதும். உன் தாத்தா பாதையைப் பராமரிக்கும் ரயில்வே கேங்கில் இருந்தபோது, பாயிண்டுக்கு வந்தால் அளவுக் கம்பியை வைத்து முதலில் இந்தத் தூரத்தைத்தான் பார்ப்பார். சிறுவனாக உடன் சென்ற எனக்கு அப்போது காரணம் புரியவில்லை. 87 மடங்கு சிறியதைச் செய்யும்போதும் அதே அளவை அதே ஒழுங்கில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பாதையை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எண்ணுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கெமாஸிலிருந்து 1910இல் பகாவுக்கு வந்த பாதை, காட்டையும் ஆறுகளையும் கடந்து 1931இல்தான் தும்பாட் வரை முழுமை பெற்றது. ஜப்பானியர் காலத்தில் மெந்தகாப்புக்கு வடக்கே நெடுந்தூரத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வேலை செய்ய நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களையும் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை. போருக்குப் பின் பெயர்த்த இடங்களில் மீண்டும் கட்டை போட்டுத் தண்டவாளம் பதித்தார்கள். ஒவ்வொரு கட்டையும் மனிதர் கையால் கிடத்தப்பட்ட பாதையை, பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்திய துண்டுகளால் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

நீ இருக்கும் குவீன்ஸ்லாந்தின் பழைய பாதைகள் 1,067 மில்லிமீட்டர் அகலம் உடையவை. அதை 87ஆல் வகுத்தால் 12.3 மில்லிமீட்டர் வருவதால், அங்கே இந்த அளவில் மாதிரி செய்வோரும் 12 மில்லிமீட்டர் பாதையையே பயன்படுத்துகிறார்கள். ஆகவே எனக்கு வேண்டியவற்றை அவர்கள் வாங்கும் கடைகளில் கேட்டுப் பார். இரு தண்டவாளங்களின் தலையையும் பற்றி 12 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தும் உருளை அளவி மூன்று, கோட் 55 நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு கட்டு. அளவியை வாங்குமுன் அது கோட் 55க்குப் பொருந்துமா என்று உறுதிசெய்துகொள்; தண்டவாளத்தின் தலை நுழையும் அதன் பள்ளம் அகலமாக இருந்தால் தண்டவாளம் சாய்ந்து நிற்கும், அளவு பொய்யாகிவிடும். தண்டவாளத்தை வளைத்துச் சுருட்டாமல் குழாயில் வைத்து அனுப்பு. கெமாஸ் பக்கத்துப் பாயிண்ட் இரண்டுக்கும் மூக்கு கூராக்கி வைத்துவிட்டேன். அளவி வந்தவுடன் செக் ரயிலைப் பற்றவைத்து, தீபாவளிக்கு நீங்கள் வருவதற்குள் வண்டி ஓட்டிப் பார்த்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா