பட்டா லொறி யாருடைய கணக்கில்?

அன்பான பிள்ளைக்கு,

அண்ணாவின் மரக்கறி வியாபாரத்துக்கு நீ கொழும்பிலிருந்து செய்து அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். மற்றதெல்லாம் சரி. லீசிங்கில், அதாவது தவணைக் குத்தகைக்கு எடுத்த பட்டாவை, அந்தச் சின்ன லொறியை மட்டும் வாடகை வாகனம் மாதிரி எழுதியிருக்கிறாய். எடுக்கும்போது கையிலிருந்து கட்டிய கட்டுக்காசு 2 இலட்சத்து 80 ஆயிரம், முதல் தவணை 8 இலட்சத்து 64 ஆயிரம், இரண்டையும் அப்படியே செலவில் போட்டதால் சுன்னாகம் சந்தைக்கு விடிய முன்னமே ஓடுகிறவன் நட்டத்தில் நிற்கிறான்!

பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனிதானே உரிமையாளர் என்பாய். சட்டப்படி அப்படித்தான். ஆனால் டயர் வெடித்தால் செலவு அண்ணாவுக்கு. ஓட்டம் குறைந்தாலும் தவணை நிற்காது. மூன்றாவது தவணை முடிந்ததும் பட்டா அவனுக்கே எழுதப்படும். பலனும் பாதிப்பும் அவனிடம் வந்துவிட்டதால் இது நிதிக் குத்தகை, பட்டா அவனுடைய சொத்துப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

வெங்காய அறுவடைக்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தவணை என்று பேசி எடுத்ததால் கணக்கு இலேசு. பட்டாவின் பெறுமதி 21 இலட்சம். கட்டுக்காசு போக 18 இலட்சத்து 20 ஆயிரம் பொறுப்பு. ஒப்பந்தத்தில் அடங்கிய வட்டி வருடத்துக்கு 20 வீதம். மூன்று தவணைகளையும் அந்த வீதத்தில் இன்றைய பெறுமதிக்குக் கழிவிட்டால் 7,20,000, 6,00,000, 5,00,000. கூட்டிப் பார், அதே 18 இலட்சத்து 20 ஆயிரம்தான் வரும்.

முதல் வருட வட்டி 3,64,000. தவணையில் மிச்சம் 5 இலட்சம் கடனின் முதலைக் குறைக்கிறது. அடுத்த வருட வட்டி 2,64,000, கடைசி வருடம் 1,44,000. தவணை மாறாது, வட்டிதான் இறங்கிக்கொண்டு போகும். முதல் வருட முடிவில் நிற்கும் 13 இலட்சத்து 20 ஆயிரத்தில் 6 இலட்சத்தை நடைமுறைப் பொறுப்பில், அதாவது அடுத்த வருடத்துக்குள் கட்ட வேண்டியதில் காட்ட மறக்காதே.

தேய்மானத்தை மூன்று வருடத்துக்குப் போட்டுவிடாதே. உரிமை அவனுக்கு வரப்போவதால் பட்டா உழைக்கும் காலத்தைத்தான் பார்க்க வேண்டும். ஏழு வருடம் என்றால் வருடத்துக்கு 3 இலட்சம். ஆக, முதல் வருடச் செலவு 6,64,000. நீ போட்டிருப்பது 11,44,000.

சங்கத்தில் கணக்கு எழுதிய காலத்திலிருந்து எனக்கு ஒரு பழக்கம், எதிர்ப்பக்கத்தின் புத்தகத்தையும் எழுதிப் பார்ப்பேன். லீசிங் கம்பனியின் ஐந்தொகையில், அதாவது சொத்தும் பொறுப்பும் காட்டும் கூற்றில், பட்டா இராது, தேய்மானமும் இராது. வரவேண்டிய தவணை மொத்தம் 25,92,000. அதில் இன்னும் உழைக்காத வட்டி 7,72,000 போனால் 18 இலட்சத்து 20 ஆயிரம். அண்ணாவின் வட்டிச் செலவு எதுவோ அதுவே அவர்களுடைய வருமானம். தவணை முழுவதையும் வருமானம் என்று எழுதினால், கொடுத்த முதலே இலாபமாகிவிடும்.

உன் ஒபிசில் வரும் பெரிய கம்பனிகளுக்கு விஷயம் வேறு. 2019 ஜனவரி 1 முதல் இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16 வந்து, பழைய இலங்கைக் கணக்கீட்டு நியமம் 17 போய்விட்டது. குத்தகைக்கு எடுப்பவர் அது நிதிக் குத்தகையா, வெறும் வாடகை மாதிரியான செயற்பாட்டுக் குத்தகையா என்று பிரிக்கத் தேவையில்லை. 12 மாதத்துக்கு உட்பட்டவையும் பெறுமதி குறைந்த பொருட்களும் தவிர மற்றதெல்லாம் பயன்படுத்தும் உரிமையாகவும் பொறுப்பாகவும் ஏறும். கொடுப்பவர் மட்டும் இன்னும் பிரிக்கிறார். அதனால் கஸ்தூரியார் வீதியில் ஐந்து வருடத்துக்குக் கடை எடுத்த கம்பனி அந்த உரிமையைச் சொத்தாகக் காட்டும், கட்டடக்காரரும் முழுக் கட்டடத்தையும் வைத்துக்கொண்டு வாடகையை வருமானமாக எழுதுவார். இது எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஆனாலும் நியமம் நியமம்தான். அண்ணாவைப் போன்ற சிறியவர்களுக்கான நியமத்தில் பழைய பிரிப்பே இருக்கிறது.

வங்கியில் கடன் கேட்டிருக்கிறான், வெள்ளிக்கிழமை கணக்கைக் காட்ட வேண்டும். புதன் இரவுக்குள் திருத்தி அனுப்பு, நான் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா